மணியைப் படம் எடுக்கக் கூடாது

போடி,
15.6.2025, ஞாயிறு இரவு

பொற்கொடி அக்காவுக்கு,

முத்துப்பிரியா எழுதுகிறேன். உனக்குக் காய்ச்சல் விட்டதா? இருமல் நிற்கும்வரை கஷாயத்தை நிறுத்த வேண்டாம் என்று அம்மா, உன் சித்திதான், சொல்லச் சொன்னாள். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி. மற்றவர்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

மலைக்குக் கிளம்பும்போது நீ கேட்டதை மறக்கவில்லை. அங்கே சிக்னல் கிடையாது, நெட்டில் வாரம் முழுக்க வாசித்ததில் நல்லதாகப் பார்த்து எழுதி அனுப்பு, வீட்டுச் செய்தியும் எழுது என்றாய். வித்யா மதினி தன் பழைய போனைத்தான் எனக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறாள். தினமும் ராத்திரி அதை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு வைத்துக்கொள்வாள். தாளில் எழுதுவதை அவள் பார்க்க மாட்டாள். அதனால் தங்கச்சி மணி தூங்கிய பிறகு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கண்ணையன் அண்ணன் விடியற்காலையில் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்பை எடுக்கும்போது, கோலம் போடும் சாக்கில் அவரிடம் கொடுத்துவிடுவேன்.

இந்த வாரம் வாசித்ததில் எனக்குப் பிடித்தது ஈயைப் பற்றிய ஒரு கட்டுரை. ஈக்குக் காலில்தான் ருசி தெரியுமாம். சோற்றின் மேல் உட்காரும்போதே அது ருசி பார்த்துவிடுகிறது. அப்புறம் எச்சிலை அதன் மேல் விட்டுக் கரைத்துத்தான் உறிஞ்சும். வாசித்துவிட்டு மத்தியானம் சாப்பிட முடியவில்லை. இன்னொன்று, குப்பை லாரி ஓட்டும் ஒரு பெண் தானே எழுதியது. ஒரு மாதத்தில் மூக்குக்குப் பழகிவிடும், வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கும்போதுதான் நாற்றம் தெரியும் என்று எழுதியிருக்கிறாள்.

வீட்டுச் செய்தி என்றால் மதினியின் யூடியூப் சேனல்தான். நம் வீட்டு அண்ணனும் ஜீப் ஓட்டுவதை விட்டுவிட்டு முழுநேரமும் கேமராவைத்தான் பிடிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைதோறும் 'இந்த வாரம் நம்ம வீட்ல' வர வேண்டும். இன்றைக்குக் கோழிக்குழம்பு. ஒரே குழம்பை நான்கு தடவை சாப்பிட்டோம்.

"மாமா, மொத வாய் வைக்கிறப்ப கண்ண மூடி ரசிக்கணும்" என்றாள் மதினி.

"கண்ண மூடுனா முள்ளு தெரியாதேம்மா" என்றார் அப்பா.

"கோழிக்கு ஏது மாமா முள்ளு? மறுபடியும் போவோம்."

நான்காவது தடவை குழம்பு ஆறி மேலே எண்ணெய் வெள்ளையாகப் படிந்திருந்தது. மணி முழுங்க முடியாமல் இலையிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். "அழாதடி, அத வெட்டிருவேன்" என்றாள் மதினி. சாயங்காலம் பார்த்தால் வீடியோ தொடங்குவதே அந்த வாந்தியில்தான். சிரிப்புச் சத்தம் வேறு சேர்த்திருக்கிறாள்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு நாளை எப்படிப் போவாள்?

உடம்பைப் பார்த்துக்கொள்.
பிரியா


போடிமெட்டுக்கு மேலே,
24.6.2025

பிரியாக் கண்ணுக்கு,

அக்கா நலம். காய்ச்சல் போய்விட்டது, இருமல் மட்டும் இருக்கிறது. சித்தியின் கஷாயம் தீர்ந்துவிட்டது என்று சொல். சித்தப்பாவை மூட்டை தூக்க விடாதே. ஏலக்காய்க் கமிஷன் கடையில் காய் சலிப்பதற்குத்தானே அவரை வைத்திருக்கிறார்கள்?

இங்கே மழை விடவே இல்லை. முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை மொத்தம் பதினேழு பிள்ளைகள், ஒரே அறை. பாதிப் பேருக்குத் தமிழும் மலையாளமும் கலந்துதான் வரும். பாடம் போதும் என்றால் "மதி டீச்சரே" என்பார்கள். உன் ஈக் கட்டுரையை வாசித்துக் காட்டினேன். ஒருத்தி, "அப்போ அட்டைக்கு எங்க டீச்சரே நாக்கு?" என்றாள். என் காலில் அப்போது இரண்டு அட்டை. கடித்ததே தெரியவில்லை. ரத்தம் வழிந்த பிறகுதான் பார்த்தேன். அட்டையைப் பற்றி எங்காவது இருந்தால் அடுத்த தடவை எழுது.

சித்தியின் தம்பி சுருளி மாமாவை நேற்றுப் பார்த்தேன். காய் உலர்த்தும் ஸ்டோரில் ராத்திரி முழுக்க அடுப்புப் பார்க்கிறாராம். உங்களையெல்லாம் கேட்டார். அத்தை பலாச்சுளை கொடுத்துவிட்டாள்.

இங்கே சிக்னல் இல்லாதது எவ்வளவு சுகம் தெரியுமா? மதினியின் வீடியோக்களைப் பற்றி எழுத வேண்டாம், பிரியா. வாசித்ததை மட்டும் எழுது.

அன்புடன்,
பொற்கொடி


போடி,
6.7.2025

அக்காவுக்கு,

நாங்கள் நலமாக இருக்கிறோம் என்றுதான் எழுத வேண்டும். கஷாயப் பொடி இதனுடன் வருகிறது.

அட்டையைப் பற்றித் தேடினேன். கடிக்கும்போதே மரத்துப்போகச் செய்யும் ஏதோ ஒன்று அதன் எச்சிலில் இருக்கிறதாம். அதனால்தான் உனக்குத் தெரியவில்லை. அதற்குமேல் அதை வாசிக்க மனம் போகவில்லை. இந்த வாரம் நான் அதிகமாக வாசித்தது வேறு.

வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டில் பூட்டுச் சாவி ரிப்பேர் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். அப்பா வயது இருக்கும். "ஏத்தா, நீ அந்தத் தண்ணி ஊத்துற வீடியோப் புள்ளதான? நேர்ல இன்னும் வளந்துட்டியே" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். நான் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் நான் வயதுக்கு வந்தபோது நடந்த சடங்கை வீடியோ எடுத்தார்களே, அதை மே மாதம் மதினி துண்டு துண்டாக வெட்டி மறுபடியும் போட்டிருக்கிறாள். அது எனக்கு வியாழக்கிழமைதான் தெரியும். பழைய முழு வீடியோவையும் தேடி எடுத்தேன், அதன் கீழே ஆயிரத்து நானூறு கமெண்டுகள். எல்லாவற்றையும் வாசித்தேன். நல்லதாகப் பார்த்து எழுதச் சொன்னாய். இதில் எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை.

வாழ்த்துகள் தங்கம் என்று எழுதியவர்கள் நிறையப் பேர். போடியில் எந்தத் தெரு என்று கேட்டவர்கள் பதினொரு பேர். ஒருவருக்கு நம் தெருப் பெயரை யாரோ பதிலாக எழுதியிருக்கிறார்கள். சிலர் எழுத்தே இல்லாமல் வெறும் நேரத்தை மட்டும் போட்டிருக்கிறார்கள். 7:42. நாற்பது பேராவது இருக்கும். ஏன் என்று புரியாமல் தொட்டுப் பார்த்தேன். அத்தைமார் என் தலையில் தண்ணீர் ஊற்றும் இடம். அவ்வளவு கூட்டத்தில் அந்த நொடியை நிறுத்தி, மற்றவர்கள் தேடச் சிரமப்படக் கூடாது என்று குறித்து வைத்திருக்கிறார்கள்.

குளித்தேன். மறுபடியும் குளித்தேன். அம்மா, "தண்ணி வர்றதே ரெண்டு நாளைக்கு ஒருக்கா, என்னடி சோலி ஒனக்கு?" என்று கதவைத் தட்டினாள்.

கடைசியாக ஒன்று. "சின்னவளுக்கு எப்போ விசேஷம்? வெயிட்டிங்" என்று ஒருவன் எழுதியிருக்கிறான். முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அது பிடித்திருக்கிறது. மதினி அதற்கு இதயம் போட்டு, "சீக்கிரமே சொல்றோம்" என்று பதில் எழுதியிருக்கிறாள்.

சின்னவள் என்றால் நம் மணி.

அக்கா, அன்றைக்குப் போனைக் கையில் பிடித்திருந்தது நீதானே? இதையெல்லாம் நீ வாசித்தாயா?

பிரியா


போடி,
20.7.2025

அக்காவுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். கடிதம் உன் கையில்தான் கொடுத்தேன் என்கிறார் கண்ணையன் அண்ணன். "பதிலு கேட்டேன். டீச்சரு உள்ள போயிக் கதவச் சாத்திக்கிருச்சு" என்றார்.

இந்த வாரம் ஒன்றும் வாசிக்கவில்லை. மதினி வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு வைத்தாள். மூன்று தடவை சாப்பிட்டோம்.

பிரியா


போடி,
3.8.2025

அக்காவுக்கு,

நீ பதில் எழுதாவிட்டாலும் நான் எழுத வேண்டியிருக்கிறது. உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்றுக் காலையில் மணி என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "அக்கா, எனக்கு வந்துருச்சு" என்றாள். அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் முதலில் சொன்னது, "மதினிகிட்டச் சொல்லிறாதக்கா" என்பதுதான்.

சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் அப்பாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரிந்தால் அண்ணனுக்கு. அப்புறம் கேமராதான். நம் தெருக் கடையில் வாங்கினால் மதினி காதுக்குப் போய்விடும் என்று பெரிய பள்ளிவாசல் தாண்டிப் போய் நாப்கின் வாங்கினேன். பாவாடையை நானே துவைத்து, என்னுடையதோடு சேர்த்து உள்பக்கமாகக் காயப்போட்டேன். குப்பையைப் பள்ளிக்கூடப் பையில் வைத்து வெளியே கொண்டுபோகிறேன். திருடிக்கொண்டு போவது மாதிரி இருக்கிறது.

நீ வாசித்தே ஆக வேண்டியது இன்னொன்று. மதினி எடுக்கும் படங்கள் சில நேரம் இந்தப் பழைய போனுக்கும் வந்துவிடும். இன்று மத்தியானம் ஒன்று வந்திருந்தது. மணியின் முகத்தைச் சுற்றிப் பூ வரைந்து, கீழே சிவப்பு எழுத்தில், "எங்க வீட்டுச் சின்னவளும் பெரியவளாயிட்டா!" தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது. நேற்று நடந்தது தெரிந்து செய்ததில்லை. போன் காட்டும் தேதிப்படி அது ஏப்ரலிலேயே செய்து வைத்தது. நான்கு மாதமாகப் படத்தைத் தயார் செய்துகொண்டு, பிள்ளை எப்போது குத்தவைப்பாள் என்று காத்துக்கொண்டிருக்கிறாள். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் பட்டுப்பாவாடை தருகிறாராம், வீடியோவில் கடைப் பெயரைச் சொல்ல வேண்டுமாம்.

சீ என்று இருக்கிறது, அக்கா. இவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கிறதே என்று இருக்கிறது. மதினி என்னைத் தொட்டால் அந்த இடத்தைத் துடைத்துக்கொள்கிறேன். ராத்திரி முழுக்க எனக்குக் கேட்பதெல்லாம் ஒன்றுதான். எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்?

மணியைப் படம் எடுக்கக் கூடாது. எனக்கு வேறு எதுவும் வேண்டாம். ஏதாவது சொல்.

பிரியா


7.8.2025

பிரியா,

கடிதம் புதன்கிழமை வந்தது. பதில் எழுதும்வரை கண்ணையனை நிறுத்தி வைக்க முடியவில்லை, அதனால் ஒரு நாள் தாமதம். இருவரும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். மணிக்கு வயிற்று வலி இருந்தால் வெந்தயம் கொடு.

நீ கேட்டதற்கு முதலில் பதில். ஆமாம், வாசித்தேன். மூன்று வருடத்துக்கு முன்பே, முதல் வாரமே வாசித்துவிட்டேன். படம் பிடித்தது நான். பாட்டுச் சேர்த்தது நான். தலைப்பும் நான் வைத்ததுதான். கமெண்டுகளைப் பார்த்துவிட்டு மதினியிடம் அழிக்கச் சொன்னேன். "பாக்குறவன் கண்ணுக்கு நாம என்னடி செய்ய முடியும், ஏறிக்கிட்டு இருக்கு பாரு" என்றாள். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. உனக்குத் தெரியாமலே போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன். பி.எட். முடித்ததும் போடியிலேயே வேலை கிடைத்தது. வேண்டாமென்று இந்தப் பள்ளியைக் கேட்டு வாங்கினேன். உன் முகத்தைத் தினமும் பார்க்க என்னால் முடியவில்லை. உன்னை எனக்காக வாசிக்கச் சொன்னதும் அதனால்தான். நீ நல்ல நல்ல கட்டுரைகளாக எழுதினால், அந்தக் கமெண்டுகளை நீ வாசிக்கவில்லை என்று அர்த்தம்.

என் மேலேயே எனக்கு வரும் அருவருப்பைப் பற்றி எழுதினால் தாள் தீர்ந்துவிடும். காரியத்துக்கு வருகிறேன்.

பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறோடு மூன்று நாள் லீவு. என் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றத்துக்கு மணி பாட வேண்டும் என்று சொல்லி அவளை அழைத்துக்கொண்டு வா. இங்கே வந்ததும் அவள் ஒதுங்கியிருக்கச் சுருளி மாமா குச்சுக் கட்டுவார். அய்யம்மாள் அத்தை தண்ணீர் ஊற்றுவாள். மூன்றாம் நாள் தாய்மாமன் சீர் வைத்து, மாலை போட்டு, சடங்கை முடித்துவிடுவார். தாய்மாமன் முறை செய்து முடித்துவிட்டால் அதை வேறு யாரும் திரும்பச் செய்ய முடியாது. வீட்டில் எடுப்பதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வீடியோவையும் சொன்னேன். "அக்கா மகளுக்குச் செய்யிறது எனக்குள்ள பாத்தியத. எவன் வந்து கேக்குறான்னு பாப்போம்" என்றார்.

பயப்படாதே என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. வந்துவிடு.

பொற்கொடி


போடி,
11.8.2025

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். ஒரு நாள் முழுக்க உன் மேல் கோபமாக இருந்தேன். இப்போதும் இருக்கிறது. ஆனால் வருகிறோம்.

சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன். எதிர்பார்த்தது மாதிரியே மதினி, "நானும் வர்றேன். மலை, மழை, கொடியேத்தம், புள்ளைக. செம வீடியோ" என்றாள். அப்போது அம்மா, அம்மாவேதான், ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அந்த ஜீப்புல கொண்டை ஊசி வளைவு ஏறுனா நீ கொடலையே கக்கிருவ. போன தடவ கக்குனது மறந்துருச்சா? அதையும் படம் எடுப்பியாக்கும். புள்ளைக மட்டும் போயிட்டு வரட்டும்."

அண்ணன் சிரித்துவிட்டான். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதோடு முடிந்தது.

இன்று சாயங்காலம் அம்மா எங்களுக்குப் பை கட்டினாள். மணியின் துணியோடு நல்லெண்ணெய் பாட்டில், ஒரு டஜன் நாட்டுக்கோழி முட்டை, உளுந்து மாவு, கருப்பட்டி.

"கொடி ஏத்துறதுக்கு எதுக்கும்மா நல்லெண்ணெய்?" என்று கேட்டேன்.

"மலையில குளுருமில்ல" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. பையின் வாயை இறுக்கிக் கட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மதினி இன்று கேமராவைத் துடைத்துக்கொண்டே மணியின் இடுப்பைப் பார்த்து, "கொஞ்சம் சதை போட்டிருக்கா, சீக்கிரம் இருக்கும்" என்று அண்ணனிடம் சொன்னாள். இறைச்சிக் கடையில் ஆட்டைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள்.

இன்னும் நான்கு நாள்.

பிரியா


போடி,
24.8.2025

அக்காவுக்கு,

மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல். மணி நலம். நீ கட்டிவிட்ட நாரத்தங்காய் ஊறுகாயை ஒளித்து வைத்துத் தின்கிறாள்.

இறங்கி வந்ததிலிருந்து எழுத நேரம் கிடைக்கவில்லை. வீட்டில் அவ்வளவு சத்தம். போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே நான் அப்பாவிடம் சொன்னேன். மணி மலையில் வயதுக்கு வந்துவிட்டாள், மாமா எல்லாம் செய்து அனுப்பியிருக்கிறார் என்றேன். மாமா கொடுத்துவிட்ட சீர்த்தட்டை நடுவீட்டில் வைத்தேன். அப்பா வாயைத் திறந்தபடி நின்றார். மதினி தட்டைப் பார்க்கவில்லை. "எடுத்தீங்களா? யாராச்சும் எடுத்தீங்களா?" என்றுதான் கேட்டாள்.

"இல்ல மதினி."

"ஒரு போட்டோகூடவா?"

"மழை."

தலையில் அடித்துக்கொண்டு அறைக்குள் போனாள். அரைமணி நேரத்தில் வெளியே வந்தபோது முகம் கழுவி, கண்ணுக்கு மை வைத்திருந்தாள். அப்புறம் கேமரா முன்னால் உட்கார்ந்து அழுதாள். 'பெத்த மகளாப் பாத்தேன், எனக்கு ஒரு வார்த்தை சொல்லல' என்று பத்து நிமிஷம். மூக்கைச் சிந்தும் இடம் சரியாக விழவில்லை என்று மறுபடியும் சிந்தினாள். நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணீர் உண்மையாகவும் இருக்கலாம். அதுதான் எனக்குக் குமட்டியது.

புதன்கிழமை அண்ணனும் அவளும் பேசி வைத்துக்கொண்டு வந்தார்கள். மொட்டைமாடியில் தென்னங்கீற்றில் குச்சுக் கட்டுவது, அந்தக் கடைக்காரர் கொடுத்த பாவாடையைக் கட்டி மணியை உட்கார வைப்பது, தெருப் பெண்கள் நான்கு பேரைக் கூப்பிட்டுத் தண்ணீர் ஊற்றுவது. "நிசத்துக்கு வேணாம் அத்தை, சும்மா நடிச்சாப் போதும். ஒரு ரீடேக்னு வச்சுக்கங்க" என்றாள் அம்மாவிடம். அப்பா தலையை ஆட்டிவிட்டார். "கடையிலயும் எல்லாரும் கேக்குறாங்க, வேலுத்தாயி" என்றார் அம்மாவிடம். மணி என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவள் நகம் என் கையில் பதிந்தது.

அம்மா அரிவாள்மனையில் உட்கார்ந்திருந்தாள். நறுக்குவதை நிறுத்தவில்லை.

"மாமன் வீட்டுல ஊத்தி முடிச்ச தலையில ரெண்டாந் தடவ கூடி நின்னு ஊத்துறது பொணத்துக்குத்தான். எம் மகளப் பொணமாக்கிப் படம் எடுக்கப் போறியா?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அண்ணன் கேமராவின் மூடியைப் போட்டான்.

பிறகு அடுப்படியில் நான் கேட்டேன்: "அப்பிடி ஒரு மொறை இருக்காம்மா?"

"இல்ல. இன்னைக்குத்தான் போட்டேன்" என்றாள்.

"மலைக்குப் போறதுக்கு முன்னாடியே ஒனக்குத் தெரியுமாம்மா?"

"ரெண்டாந் தேதியே தெரியும். நீங்க ரெண்டு பேரும் சொல்லலைல்ல, அதான் நானும் சொல்லல."

எங்களைப் போலவே அவளும் இந்த வீட்டில் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். எத்தனை வருடமாக என்று நான் கேட்கவில்லை.

பிரியா


31.8.2025

பிரியாவுக்கு,

உடம்பு நலம். மழை கொஞ்சம் விட்டிருக்கிறது, காய் எடுப்புத் தொடங்கிவிட்டது. மணி தண்ணீரின் குளிருக்குக் கத்திய சத்தத்தில் பிள்ளைகளெல்லாம் ஓடி வந்தார்களே, இன்னமும் அவள் மாதிரியே கத்திக் காட்டுகிறார்கள். அதைப் படம் பிடிக்க ஒருவரிடமும் போன் இல்லை என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

நேற்றுக் கண்ணையனோடு போடிமெட்டுவரை வந்தேன். செக்போஸ்டுக்குப் பக்கத்தில் சிக்னல் கிடைக்கும். மதினியைக் கூப்பிட்டு உன் வீடியோவை அழிக்கச் சொன்னேன். நான் எடுத்தது, நான் கேட்கிறேன் என்றேன். "நீ எடுத்தது எங்க போன்ல. ஒரு லைக் போட்டுட்டு வைடி" என்று துண்டித்துவிட்டாள். நடுரோட்டில் நின்று அழுதேன். ஒரு லோடு ஜீப் ஹாரன் அடித்ததும்தான் நகர்ந்தேன்.

மறுபடியும் தோற்றுவிட்டேன். ஆனால் இந்தத் தடவை உன்னிடம் சொல்கிறேன்.

பொற்கொடி


போடி,
14.9.2025

அக்காவுக்கு,

நலமா? இங்கே அம்மாவும் மணியும் நானும் நலம். மற்றவர்களிடம் நான் கேட்கவில்லை.

உன் கடிதத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ஆமாம், காட்டிவிட்டேன். "அந்த வீடியோவுல அப்பிடி என்னதான் எழுதியிருக்கானுங்க?" என்றாள். அவள் அதைப் பார்த்ததே இல்லை. கமெண்டுகள் பாதி இங்கிலீஷ் எழுத்தில் இருப்பதால் வாசிக்கவும் வராது. நான்தான் வாசித்தேன். நான் வாசிக்க வாசிக்க அம்மா உளுந்து களைந்துகொண்டிருந்தாள். வெறும் நேரத்தைப் போட்டவர்களின் பெயரை வரிசையாக வாசித்தபோது, "அது என்னடி மணி, ஏழு நாப்பத்திரெண்டு?" என்றாள். எதற்கு என்று சொன்னேன். எழுந்துபோய்க் கொல்லையில் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, ஈரக் கையோடு மதினி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. சத்தம் கேட்கவில்லை. வெளியே வந்தபோது மதினி அழுதுகொண்டிருந்தாள். கேமரா இல்லாமல் அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அண்ணன் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அதனால் இந்த வாரம் நான் வாசித்ததில் பிடித்தது ஒரே ஒரு வரிதான். "இந்த வீடியோ இப்போது இல்லை." நான்கு தடவை வாசித்தேன்.

ஆனால் அது இருக்கிறது, அக்கா. முகம் தெரியாத யார் யாரோ அதை வெட்டி எடுத்துத் தங்கள் சேனல்களில் போட்டிருக்கிறார்கள். என் பெயரையும் ஊரையும் போட்டுத் தேடினேன், பதினொன்று கிடைத்தது. ஒன்றில் அந்தத் தண்ணீர் ஊற்றும் இடம் மட்டும் திரும்பத் திரும்ப ஓடுகிறது. புகார் கொடுக்க ஒரு படிவம் இருக்கிறது. ஒவ்வொரு வீடியோவுக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். எனக்குப் பதினெட்டு ஆகவில்லை என்பதால் அம்மாதான் கொடுக்கிறாள். எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை நான் வருகிறேன் என்று பார்த்துக் குறிக்க வேண்டும்.

முதல் இரண்டை நான் செய்தேன். மூன்றாவதைத் திறந்ததும் கை நகரவில்லை. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒவ்வொண்ணையும் தொறந்து பாத்துத்தான் ஆகணுமாடி?"

"ஆமாம்மா. பாத்தாத்தான் நேரம் எழுத முடியும்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிக்கொண்டாள்.

"அப்ப நான் பாக்குறேன். நீ கண்ண மூடிக்க. எங்க அமுக்கணும்னு மட்டும் சொல்லு."

ஆறு முடிந்திருக்கிறது. இன்னும் ஐந்து.

பிரியா